சுவருக்கு அந்தப் பக்கம்: ஈஸ்டர் பற்றி ஒரு கடிதம்

வணக்கம் டீச்சர்,

நான் உங்களிடம் ஆறாம் ஆண்டு படித்தவள். ஞாபகம் இருக்காது, கடைசி பெஞ்சு. இப்போது பினாங்கு பட்டர்வொர்த்தில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர் வீட்டுக்காரர் பிப்ரவரியில் தவறிவிட்டார். மாரடைப்பு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கோயிலில் பூசை வைத்து, அப்புறம் தகனம் செய்தார்கள்.

ஈஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி, "தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கு, துணைக்கு வர்றியா?" என்று கேட்டார். போனேன். வாசலில் நெருப்பு மூட்டி, இருட்டில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றி, மூன்று மணி நேரம் பூசை. "கிறிஸ்து உயிர்த்தார்" என்று பாடும்போது அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கணவர் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் சுவர் மெல்லிசு, விடியும்வரை கேட்டது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எது நிஜம் டீச்சர்? கோயிலில் சிரித்தது தன்னையே ஏமாற்றிக்கொள்வதா? நமக்கு மறுபிறவி, அவர்களுக்கு உயிர்த்தெழுதல், இரண்டும் ஒன்றுதானே? உடம்போடு எழுவார்கள் என்றால், எரித்த பிறகு எந்த உடம்பு? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள். இன்னொன்று, அக்கா தன் மெழுகுவத்தித் துண்டை என்னிடமே கொடுத்துவிட்டார். எங்கள் சாமி மேடையில் வைக்கலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்பு மகளுக்கு,

கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தாயே, நல்லது செய்தாய். அந்த வீட்டில் இனி எத்தனையோ ராத்திரி அப்படித்தான் இருக்கும்.

எது நிஜம் என்கிறாய். இரண்டும்தான். யோவான் எழுதிய நற்செய்தியில் முதல் ஈஸ்டர் காலையே அழுகையோடுதான் தொடங்குகிறது. இயேசுவின் சீடரான மகதலா மரியா அவருடைய கல்லறை வாசலில் நின்று அழுகிறார். ஆள்தான் போய்விட்டார், உடலையாவது பார்க்கலாம் என்று வந்தால் அதையும் காணோம். பின்னால் ஒருவர் நின்று, "ஏன் அழுகிறாய்?" என்று கேட்கிறார். தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு, "நீர்தான் எடுத்துப் போனீர் என்றால் எங்கே வைத்தீர், சொல்லும்" என்கிறார் மரியா. எதிரே நிற்பவர் இயேசுதான், அடையாளம் தெரியவில்லை. அப்போது அவர் "மரியா" என்று கூப்பிடுகிறார். அவ்வளவுதான். இவர் திரும்பி, "ரபூனி" என்கிறார். அது அரமேயச் சொல், போதகரே என்று அர்த்தம். உன் கடிதத்தின் முதல் வரி மாதிரி, "டீச்சர்" என்றே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் நான் கண்ட ஒன்று. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பதிவேட்டில் இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில பிள்ளைகள் திரும்பவே மாட்டார்கள். வீட்டுப் பேர் வேறாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு "பாப்பா", "குட்டி" என்றால் சட்டென்று முகம் வரும். மரியா திரும்பியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகங்கள்தான். இறந்தவர்கள் போனபின் நமக்கு எது ரொம்ப வலிக்கிறது? அவர்கள் நம்மைக் கூப்பிட்ட விதத்தில் கூப்பிட இனி ஆள் இல்லை என்பது.

இதற்கும் மறுபிறவிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மறுபிறவியில் உயிர் வேறு உடம்புக்குப் போகிறது. பேர் மாறுகிறது, தாய் தகப்பன் மாறுகிறார்கள், பழையது மறந்துபோகிறது. அதோடு, பிறந்து பிறந்து களைத்த உயிர் கடைசியில் கேட்பது பிறவாமையை. கிறிஸ்தவர்களின் நம்பிக்கை வேறு பக்கம் போகிறது. இந்த ஆள், இந்தப் பேர், இந்த ஒரு வாழ்க்கை, இதுவே கடவுளிடம் தொலைந்துபோகாமல் இருந்து, புதிதாக்கப்பட்டுத் திரும்பக் கிடைக்கும் என்கிறது. எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்குமே மரியாதை இல்லை, அதற்காகத்தான் சொல்கிறேன்.

செத்துப் பிழைத்துப் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவதும் இல்லை. இயேசு எழுப்பிய லாசர் அப்படித் திரும்பியவர். கை கால் கட்டிய துணியோடு வெளியே வந்தார், இன்னொரு நாள் மறுபடி சாகத்தான் வேண்டும். இயேசுவின் கல்லறையில் துணிகள் அப்படியே கிடந்தன, தலையைச் சுற்றியிருந்த துண்டு மட்டும் தனியாகச் சுருட்டி வைத்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். எழுந்த நொடியை யாரும் பார்த்ததாக நான்கு நற்செய்திகளும் சொல்லவில்லை. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள், கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடினார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அந்த முடிவு பிடிக்கும். நம்பிக்கை முதலில் நடுங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

சரி, நீ பார்த்த திரிக்கு வருகிறேன். வாசல் நெருப்பில் சாமியார் முதலில் ஏற்றினாரே, ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய மெழுகுத் திரி, அதற்குப் பாஸ்கா திரி என்று பேர். ஏற்றும் முன் அதில் என்ன செய்தார் என்று கூட்டத்தில் உனக்குத் தெரிந்திருக்காது. ஒரு சிலுவை கீறுவார். மேலும் கீழும் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். சிலுவையின் நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு எண்கள், இந்த முறை 2, 0, 2, 6. அப்புறம் ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாகக் குத்துவார், சிலுவை வடிவத்தில். அவை இயேசுவின் ஐந்து காயங்கள். இரண்டு கை, இரண்டு கால், விலா. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்று இதைப் பார்த்த வயதில், "பிறந்தநாள் கேக்கில் ஏன் ஆணி குத்துகிறார்?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

உயிர்ப்பைக் கொண்டாடும் விளக்கில் எதற்குக் காயம்? உயிர்த்த உடலில் அது இருந்தது, அதனால். சீடர்களில் ஒருவரான தோமா நம்பவில்லை. அவர் கேட்டது முகத்தை இல்லை, தழும்பை. அதைக் காட்டித்தான் அவரை நம்பவைத்தார் இயேசு. (அந்தத் தோமாவின் பேரில் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது.) சாவை ஜெயித்து வந்த உடம்பு வழுவழுவென்று புதிதாக வந்திருக்கலாம். பட்டது தெரியத்தான் வந்தது. அதனால் அந்த அக்கா சிரித்தபோது பிப்ரவரி நடக்காததுபோல நடிக்கவில்லை. அவருடைய பிப்ரவரிக்கும் அந்தத் திரியில் இடம் இருந்தது.

இன்னொன்று சொன்னால் உனக்குப் புரியும். கத்தோலிக்க வழக்கத்தில் அடக்கப் பூசையின்போது பெட்டிக்குப் பக்கத்தில் பாஸ்கா திரியைத்தான் ஏற்றி வைப்பார்கள். பிப்ரவரியில் அவர் கணவருக்குப் பக்கத்தில் நின்றது போன வருஷத்துத் திரி, அதில் 2025 என்று இருந்திருக்கும். நீங்கள் போன ராத்திரி இருட்டில் புதியது வந்தது. அவர் அதை எந்த மனதோடு பார்த்திருப்பார் என்று யோசித்துப் பார். எனக்கு யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

உடம்பு பற்றிக் கேட்டாய். லூக்கா நற்செய்தியில், உயிர்த்து வந்தவர் ஆவியோ என்று சீடர்கள் பயப்படுகிறார்கள். அவர், "சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார். அப்பாவின் பழைய வேதாகமத்தில் "பொரித்த மீன்கண்டம்" கொடுத்தார்கள் என்று இருக்கும். வாங்கி, அவர்கள் கண் முன்னால் சாப்பிடுகிறார். ஆவிக்குப் பசிக்காது என்று எழுதப் போனேன். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கென்று சாலையோரம் சோறு படைக்கிற சீனர்கள் நிறைந்த பினாங்கில் இருந்துகொண்டு அப்படி எழுத முடியாது. ஆனால் லூக்கா காட்ட நினைத்தது அதைத்தான், இது உடம்பு, மீன் தின்கிற உடம்பு.

எரித்தால்? இதை உனக்கு முன்னாலேயே கேட்டவர்கள் உண்டு. இன்றைய பிரான்சின் லியோன் நகரில் 177-இல் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இனி எப்படி எழுவார்கள், பார்ப்போம் என்று. மிஞ்சியவர்கள் அதற்காக நம்பிக்கையை விடவில்லை. ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபை ரொம்ப காலம் தகனத்தைத் தடுத்துவைத்திருந்து, 1963-இல்தான் அனுமதித்தது. 2016-இல் ரோமிலிருந்து வந்த அறிவுரை, சாம்பலைத் தூவ வேண்டாம், புனிதமான இடத்தில் வையுங்கள் என்றது. திருத்தூதர் பவுல், இயேசு இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுக்குள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் விதையைச் சொல்கிறார். போட்ட விதையும் முளைத்த பயிரும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஆனாலும் அது இதுதான். அதே கடிதத்தில், கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று அவரே சொல்லிவிடுகிறார். விருதா! அப்பா அந்தச் சொல்லை உரக்க வாசிப்பார், வீடே கொஞ்சம் பயப்படும். ஏமாற்றிக்கொள்கிறாரோ என்று நீ கேட்டாயே, அந்த ஆபத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் பவுல்தான். நான் நம்புகிறேன். எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை.

இந்த வருஷம் ஈஸ்டரும், சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து வணங்கும் செங் பெங்கும் ஒரே நாள், ஏப்ரல் 5. பங்குனி உத்திரம் போல ஈஸ்டரும் பௌர்ணமியைப் பார்த்து வருகிற நாள். மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் வருஷா வருஷம் நகரும், இப்படி எப்போதாவது செங் பெங் மேலேயே வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவைப் பார்க்க வெஸ்டர்ன் ரோடு கல்லறைக்குப் போனேன். மவுண்ட் எர்ஸ்கின் பக்கம் கார்கள் நகரவே இல்லை. குடும்பம் குடும்பமாக விளக்குமாறு, மண்வெட்டி, ஊதுபத்தி, வறுத்த பன்றியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவி, பெரியவர் பேருக்குச் சிவப்பு மை புதிதாகத் தீட்டுகிறார்கள். இங்கே நாங்கள் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று தெரியாத அளவுக்கு ஒரே மாதிரி குனிந்திருந்தோம்.

அப்பா கல்லில் "கர்த்தருக்குள் நித்திரை" என்று எழுதியிருக்கிறது. நம் கிறிஸ்தவக் கல்லறைகளில் வழக்கமான வாசகம்தான். ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்கிற செமிட்ரி என்ற சொல்லும் கிரேக்கத்தில் தூங்கும் இடம் என்ற அர்த்தத்தில் வந்தது. கல் வெட்டியவர் 1987-இல் "நித்திறை" என்று வல்லின றகரம் போட்டுவிட்டார். தமிழ் சொல்லிக்கொடுத்தே சம்பாதித்தவளின் அப்பாவுக்கு எழுத்துப் பிழை! மாற்றலாம் என்றேன். அம்மா விடவில்லை. "எந்திரிக்கப் போற மனுசனுக்கு எதுக்குடி புதுக் கல்லு" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்த சாமியாரும் எனக்கு ஈஸ்டரைச் சொன்னதில்லை.

ஈஸ்டர் காலம் மே 24 வரை உண்டு, அதனால் அக்காவுக்கு வாழ்த்துச் சொல்ல உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பேசும்போது அவர் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிப் பேசு. இரண்டு மாதமாக எல்லாரும் "அவர்", "அண்ணன்" என்றே சுற்றி வளைத்திருப்பார்கள்.

மெழுகுவத்தியைச் சாமி மேடையிலேயே வை, ஒரு தோஷமும் இல்லை. எங்கள் வீட்டில் அலமாரியில் இருக்கும், யாருக்காவது காய்ச்சல் என்றாலோ இடி இடித்தாலோ அம்மா எடுத்து ஏற்றுவார். பட்டர்வொர்த்தில் இடிக்குப் பஞ்சமில்லை, சிக்கனமாக ஏற்று, அடுத்த ஈஸ்டர் வரை வர வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்