சிக்னலில் நின்ற லாரியும் என் மகன் கேட்ட கேள்வியும்

வணக்கம் தம்பி. குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மகளைத் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்க்க வேண்டும், இங்கே பள்ளியில் நல்லொழுக்கம் சொல்லித் தருகிறார்களா, ஏழை பணக்காரர் வித்தியாசத்துக்கு நடுவே பிள்ளை எப்படி வளரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் மகன் முழுக்க இங்கேதான் படித்தான்.

இடம் கிடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிச்சமிருக்கும் இடங்கள்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு. பதிவிலும் மூன்றாம் கட்டம், கடைசிக் கட்டம்தான் நமக்கு. நிச்சயம் என்று நினைக்காமல் மாற்று ஏற்பாட்டையும் பார்த்து வையுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நற்பண்பும் குடியியலும் இங்கே தனிப் பாடமாகவே உண்டு. தொடக்கப்பள்ளியில் அதைத் தாய்மொழியில் நடத்துவார்கள். தமிழ் படிக்கும் பிள்ளை மரியாதை, பொறுப்பு, அக்கறை எல்லாவற்றையும் தமிழிலேயே பேசிப் பழகும். வகுப்பைக் கூட்டுவது, மேசையைத் துடைப்பது எல்லாம் பிள்ளைகளின் அன்றாட வேலைதான். ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964 இனக் கலவரத்தை நினைவில் வைத்து அதைக் கடைப்பிடிக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் சீனப் பிள்ளையோடும் மலாய்ப் பிள்ளையோடும் எப்படிப் பழக வேண்டும் என்பதைப் பள்ளி நன்றாகவே சொல்லித் தருகிறது.

ஆனால் ஒரே தமிழைப் பேசுகிற இரண்டு பேருக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பற்றிப் பேச அப்படி ஒரு நாள் கிடையாது. அது நம் வேலை. அதில் நான் தவறினேன்.

மகனுக்கு ஏழு வயது இருக்கும். மாலையில் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். சிக்னலில் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பின்புறத் தட்டில் பத்துப் பன்னிரண்டு கட்டுமான ஊழியர்கள், முழங்கால் மேல் ஹெல்மெட், கால்களுக்கு நடுவே சாப்பாட்டுப் பை. ஒருவர் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "அம்மா, அந்த அண்ணாக்களுக்கு ஏன் சீட் பெல்ட் இல்லை?" என்று கேட்டான். சில நிபந்தனைகளோடு சட்டம் இதை அனுமதிக்கிறது, அது சரியா என்று நாடாளுமன்றத்திலும் பேசியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நல்லா படிக்கலைன்னா நீயும் இப்படித்தான் போகணும்."

இரண்டு வாரம் கழித்து, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவரைக் காட்டித் தன் நண்பனிடம் சொன்னான்: "இவரு படிக்கலை, அதான்." அவர் தமிழர். காதில் விழுந்தது. துடைப்பத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "தம்பி பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார். பேர் சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான். அவன் சொன்னது என் வாக்கியம். மறுநாள் இருவரும் போய் மன்னிப்புக் கேட்டோம். அதற்கப்புறம் அவரைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் லிஃப்ட்டில் ஏறியதில்லை.

பிள்ளையைப் படிக்க வைக்க, உழைக்கிற மனிதரைப் பயம் காட்டும் பொம்மையாக்காதீர்கள் தம்பி. இங்கே அந்தப் பேச்சு நம் வீடுகளில் சர்வசாதாரணம்.

பள்ளிக்குள்ளும் இது வேறு உருவத்தில் உண்டு. முன்பு ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் விரைவுநிலை, வழக்கநிலை (நார்மல்) என்று பிரிப்பார்கள். 'அவன் நார்மல்' என்று பிள்ளைகளே பிள்ளைகளைச் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே வகுப்பில் கலந்து உட்கார்ந்து, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று தரம் மாற்றிப் படிக்கலாம், ஜி3தான் கடினமான தரம். மனதார வரவேற்கிறேன். ஆனாலும் விருந்துகளில் "உங்க பையனுக்கு எத்தனை ஜி3?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீடும் முடியாத வீடும் ஒரே கோட்டில் ஓடத் தொடங்கவில்லை. வசதி குறைந்த குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு புத்தகம், சீருடை இலவசமாகத் தருகிறது, பள்ளிச் சாப்பாட்டுக்கும் உதவுகிறது. மகள் வந்து "அவளுக்கு ஃப்ரீயா சாப்பாடு" என்று சொன்னால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள்.

பணிப்பெண் வைக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். பள்ளி வாசலில் பிள்ளை கையை வீசிக்கொண்டு வர, பணிப்பெண் முதுகில் புத்தகப் பை தொங்குவதைத் தினமும் பார்க்கலாம். என் வீட்டில் அதை முதல் வாரத்திலேயே நிறுத்தினேன். பை அவன் பை. பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013லிருந்து சட்டம். அந்த நாளில் வேலை வாங்கினால் பணம் தரலாம்தான், ஆனால் 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்தும் வாங்க முடியாது, விட்டே ஆக வேண்டும். நீங்கள் நாலு நாளும் விடுங்கள். அவர் வந்த அன்றே அவரைப் பெயர் சொல்லி அக்கா என்று கூப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் சமையலறை நாட்காட்டியில் அவருடைய ஓய்வு நாட்களை உங்கள் மகள் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். அன்றைக்குத் தட்டு கழுவும் முறை யாருக்கு என்று அவளே கேட்பாள்.