ஹெட்போனுக்கு ஆம்ப்: வாங்கும் முன் ஒரு வோல்ட் கணக்கு

கேள்வி: சென்ஹைசர் ஹெச்.டி. 600 வாங்கியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் ஆப்பிள் டாங்கிளை (ஹெட்போனைச் செருகும் சிறு யூ.எஸ்.பி. அடாப்டர்) மாட்டிக் கேட்டால் சத்தம் பத்தவில்லை. பெரும்பாலும் பழைய கர்நாடகக் கச்சேரிப் பதிவுகள்தான் கேட்பேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் எத்தனை வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: இந்த ஹெட்போனுக்கு வாட்டைப் பார்த்துப் பயனில்லை, வோல்ட்டைப் பாருங்கள். இதன் இம்பீடன்ஸ் (மின்தடை) 300 ஓம். 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் சத்தம் தரும். 1 வோல்ட் கொடுத்தால் 3.3 மில்லிவாட் போகும், 102 டெசிபெல் வரும். சாதாரணமாகக் கேட்க அதுவே தாராளம். ஆனால் கச்சேரிப் பதிவு வேறு மாதிரி. பாட்டு 75 டெசிபெல்லில் போய்க்கொண்டிருக்கும்போதே மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஒரு அடி 20 டெசிபெல்லுக்கு மேல் எகிறிவிடும். பழைய பதிவுகளின் அளவே தாழ்வாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். 110 டெசிபெல் வரை வைத்துக்கொண்டால் தேவை 20 மில்லிவாட், அதாவது 2.45 வோல்ட். அவ்வளவுதான்.

காசை எடுக்கும் முன் ஒரு சோதனை. அதே டாங்கிளை லேப்டாப்பில் மாட்டி, வால்யூமை முதலில் குறைத்துவைத்து மெல்ல ஏற்றுங்கள். அங்கே சத்தம் நன்றாக வந்தால் குறை ஹெட்போனிலும் இல்லை, டாங்கிளிலும் இல்லை. அந்த டாங்கிள் முழுதாக 1 வோல்ட் தரக்கூடியது. பல ஆண்ட்ராய்டு போன்கள் அதன் உள் வால்யூமைத் தாழ்வாகவே நிறுத்திவிடுகின்றன. ஐரோப்பாவில் விற்கும் வகையோ அரை வோல்ட்தான் தரும், அங்கிருந்து யாராவது வாங்கி வந்ததா என்றும் பாருங்கள்.

போன்தான் காரணம் என்றால், 300 ஓமில் 2 வோல்ட் தரும் வேறொரு யூ.எஸ்.பி. டாங்கிள் போதும். 108 டெசிபெல் கிடைக்கும். இதற்குத் தனி ஆம்ப் பெட்டி வாங்குவது வீண் செலவு என்றே சொல்வோம். மிச்சப் பணத்தில் ஒரு ஜோடி இயர்பேட் வாங்கி வையுங்கள். பேட் நசுங்கினால் ஒலி மாறுவது காதுக்கே தெரியும்.

வீட்டில் பழைய ஸ்டீரியோ ரிசீவர் இருந்தால் அதன் ஹெட்போன் ஜாக்கை நம்ப வேண்டாம். பலவற்றில் உள்ளே 100 ஓமுக்கு மேல் ரெசிஸ்டர் இருக்கும். இந்த ஹெட்போனின் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தாண்டுவதால், அந்த இடத்தில் மட்டும் சுமார் 1 டெசிபெல் உப்பி, மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) தரும் நாதம் கொழகொழத்துப்போகும்.

கேள்வி: ஹைஃபைமேன் ஹெச்.இ.400எஸ்.இ. வெறும் 25 ஓம்தானே? எந்த டாங்கிளும் ஓட்டிவிடும் அல்லவா?
– வாசகி, கோவை

பதில்: ஓம் குறைந்தால் ஓட்டுவது சுலபம் என்பது பலருக்கும் உள்ள எண்ணம். இது தட்டையான சவ்வு கொண்ட பிளேனார் வகை, சென்சிடிவிட்டி (1 மில்லிவாட்டுக்குத் தரும் சத்தம்) 91 டெசிபெல்தான். 110 டெசிபெல்லுக்கு 79 மில்லிவாட் வேண்டும். வோல்ட் 1.4 போதும், ஆனால் கரண்ட் 56 மில்லிஆம்பியர். சிறு டாங்கிள்கள் திணறுவது இங்கேதான். மெல்லிய இடங்களில் சுத்தமாக இருக்கும். பேஸ் அடி விழும்போது மட்டும் கரகரக்கும். வாங்கும்போது 32 ஓமில் 100 மில்லிவாட்டுக்குக் குறையாமல் தருமா என்று பாருங்கள். மேசையில் வைத்தே கேட்பவர் என்றால், உங்களுக்குத்தான் தனி ஆம்ப் பொருந்தும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து தம்பி ஒரு மேசை ஆம்ப் கொண்டுவருகிறான். பிளக்கை மாற்றினால் போதுமா?
– வாசகர், வேலூர்

பதில்: போதாது. அடாப்டரின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது. உள்ளே இருப்பது இரும்புக் கோர் டிரான்ஸ்ஃபார்மர், கருகிவிடும். அதே வோல்ட் உள்ள லேப்டாப் சார்ஜரையும் மாற்றாகப் போடாதீர்கள். இப்படிப்பட்ட ஆம்ப்கள் பலவற்றுக்கு வேண்டியது 16 வோல்ட் ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்). அந்த ஏ.சி.யின் இரண்டு பாதிகளிலிருந்துதான் உள்ளே பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையும் பிறக்கின்றன. லேப்டாப் சார்ஜர் தரும் டி.சி.யை (நேர்திசை மின்சாரம்) கொடுத்தால் ஒன்றுதான் உயிர்பெறும். தம்பி கிளம்பும் முன்பே 230 வோல்ட் அடாப்டரோடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.