வருகைப் பதிவேட்டில் விழுந்த சிவப்புக் கோடு

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறேன். 32 தொழிலாளர்கள். 2021 மே மாதம் மூன்று பேர் வேலைக்கு வரவில்லை. ஒன்பது வருடமாக இருக்கும் ஆபரேட்டருக்குக் கொரோனா வந்து 17 நாள் படுத்துவிட்டார். இன்னொருவரின் மனைவிக்குத் தொற்று வந்ததால் அவரையும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் ஊரடங்குக்கு முன்பே விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர், ஜூன் கடைசி ஆகியும் திரும்பவில்லை. எங்கள் கணக்கர் மூவர் பெயரையும் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டார். 50 பேருக்குக் குறைவான இடத்துக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்கிறார். ஆர்டர் பாதியாகிவிட்டது. இவர்களுக்குச் சம்பளம் தர வேண்டுமா? ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: இங்கே சொல்லும் சட்டப் பிரிவுகள் எல்லாம் 2021-ல் நடைமுறையில் இருந்தவை. சம்பளத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த மூன்று பெயர்களையும் பதிவேட்டில் மறுபடி சேருங்கள். அடித்த பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். கோட்டுக்குப் பக்கத்திலேயே 'தவறுதலாக நீக்கப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் கணக்கர் சொல்வதில் கால்பங்குதான் உண்மை. தற்காலிகமாக வேலை தர முடியாதபோது பாதிச் சம்பளம் தரச் சொல்லும் பிரிவு, 50 பேருக்குக் குறைவான ஆலைக்குப் பொருந்தாது என்பது சரி. தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்பு பற்றிய 25-எஃப் பிரிவுக்கு அந்த வரம்பு கிடையாது. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை நிறுத்த வேண்டுமானால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று கணக்கு உண்டு. ஒன்பது வருட ஆபரேட்டருக்கு அது 135 நாள் சம்பளம். பணிக்கொடை அதற்கு மேல். எட்டு நாளுக்கு மேல் வராதவர் தானாகவே வேலையை இழப்பார் என்ற நிலையாணையை (ஆலையின் எழுதிவைத்த வேலை விதியை) காட்டிப் பெயரை நீக்கிய வழக்கில், விசாரணை இல்லாமல் நீக்கியது செல்லாது என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளத்தோடு அந்தத் தொழிலாளியை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது.

ஆபரேட்டர் விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவுக்குச் செலவே இல்லை. அவர் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டில் இருப்பார். பரிசோதனை முடிவோடு தன் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் மருத்துவச் சான்று வாங்கட்டும். சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை, இ.எஸ்.ஐ. கழகமே தரும். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. தினம் 600 ரூபாய் என்றால் 15 நாளுக்கு 6,300 ரூபாய். அந்தக் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்க இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு தடை போடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். 2021 மே மாத நோய்க்கு, 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவைத்தான் பார்ப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது இருக்க வேண்டும். முதல் ஊரடங்கில் பட்டறை மூடியிருந்த அதே மாதங்கள்! சலான்களை இன்றே எடுத்து எண்ணுங்கள். நீங்கள் கட்டாததால் அவர் தகுதி இழந்திருந்தால், கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம். அவர் சம்பளத்தில் பிடித்த தொகையைக் கட்டாமல் விட்டிருந்தால் அது குற்ற வழக்காகவும் மாறும். வேலை நாளே குறைந்து 78 எட்டவில்லை என்றால், தொழிற்சாலைச் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேர்ந்திருக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பில் கழித்துக்கொள்ளலாம். நோய்க்காகக் கேட்கும்போது முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை என்று மறுக்கக் கூடாது.

இரண்டாமவருக்கும் அந்த விடுப்பையே கொடுங்கள். வீட்டைவிட்டு வராதே என்று அதிகாரிகள் சொல்லிய பிறகு அவர் வேலைக்கு வந்திருந்தால், மற்ற 31 பேரின் கதி என்ன?

பட்டறை மூடியிருந்த நாட்களுக்கு: முழுச் சம்பளம் தரச் சொன்ன மத்திய அரசின் 2020 மார்ச் 29 உத்தரவு அந்த வருடம் மே 18-லேயே விலக்கப்பட்டது. இரு தரப்பும் பேசித் தீர்க்கும்படிதான் உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 12 அன்று சொன்னது. என் யோசனை, பாதிச் சம்பளமாவது பேசி, தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவுப்படி இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ராஜினாமா எழுதி வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நோயில் கிடந்து எழுந்தவனிடம் வாங்கும் கையெழுத்தை மிரட்டி வாங்கியதாகத்தான் தொழிலாளர் நீதிமன்றம் பார்க்கும். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

விழுப்புரத்துக்காரருக்கு மே 10 முதல் பஸ்ஸே இல்லை. சென்னையிலேயே ஜூன் 21-ல்தான் பஸ் ஓடத் தொடங்கியது. அதுவரை வராததைக் குற்றமாக எண்ண முடியாது. ஊர் முகவரிக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில், அவருக்குப் புரியும் தமிழில் ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் வேலை இருக்கிறது, இன்ன தேதிக்குள் வந்து சேருங்கள், முடியாவிட்டால் காரணத்தை எழுதுங்கள் என்ற மூன்று வரி போதும். பதிலே இல்லையென்றால் இன்னொரு கடிதம். அதற்கும் பதில் வராவிட்டால்தான் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும். கைப்பேசி எண் இருந்தால், தபால் போடும் முன் நீங்களே ஒருமுறை கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேளுங்கள்.