லெஸ்டரில் பனை வைக்கலாமா?

தம்பி, இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து முதல் விண்டரே இன்னும் முடியவில்லை, அதற்குள் பின்வளவில் பனையோ தென்னையோ மாதிரி ஏதாவது வைக்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பனையையும் தென்னையையும் மறந்துவிடுங்கள், இங்கே வெளியில் பிழைக்காது. கார்டன் சென்டரில் மலிவாகக் கண்டதாகச் சொன்ன 'டோர்பே பாம்' பனைச் சாதியே இல்லை, கோர்டிலைன் என்ற நியூசிலாந்து மரம். டோர்பே இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரம், குளிர் குறைவு, அங்கே அது சுகமாக நிற்கும். லெஸ்டரோ நாட்டின் நடுவில் கிடக்கிறது. 2010 டிசம்பர்க் குளிரில் இங்கிலாந்து முழுக்க எத்தனையோ கோர்டிலைன்கள் தலை கருகின. அடியிலிருந்து பிறகு துளிர்த்தவையும் உண்டு, ஆனால் வளர்ந்த தண்டு போனது போனதுதான்.

நான் வைக்கச் சொல்வது டிரக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி என்ற பனை. சூசன் பாம் என்றும் விற்பார்கள். சீனத்து மரம், மைனஸ் 10 வரை பயமில்லை. விசிறி ஓலை, தண்டைச் சுற்றிப் பன்னாடை போல நார். தூரத்தில் பார்த்தால் வடலி என்றே நினைப்பீர்கள். காற்றில் ஓலை கிழிந்து அசிங்கமாகும், அதனால் மரம் சாகாது.

இங்கே குளிரைவிட ஈரம்தான் பொல்லாதது. பெப்ரவரியில் நாலு நாள் இளவெயில் எறிக்கும், செடி ஏமாறும், அடுத்த கிழமை உறைபனி. குருத்துக்குள் நின்ற தண்ணீர் உறைந்து இளகி அழுகல் பிடிக்கும். குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து நாறினால் அழுகல்தான். அப்போதும் கிண்டி எறியாமல் கோடை வரை விட்டுவையுங்கள், பல தடவை புதுக் குருத்து வரும்.

உங்கள் மண் களி என்றால் குழி தோண்டி கம்போஸ்ட் நிரப்பாதீர்கள். சுற்றியுள்ள களி தண்ணீரை விடாது, குழி கிணறாகிவிடும். கொஞ்சம் மேடு கட்டி, பருமணல் கலந்து, மே மாதம் நடுங்கள். விண்டருக்கு முன் வேர் ஓட முழுக் கோடையும் கிடைக்கும்.

வாடகை வீடென்றால் நிலத்தில் எதுவும் வேண்டாம். கேமரோப்ஸ் என்ற மத்தியதரைக் கடல் குட்டைப் பனை சாடியில் நன்றாக இருக்கும், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். சாடியில் வேர் சீக்கிரம் உறையும். கடும் உறைபனி இரவுகளில் சுவரோரம் தள்ளி, சாடிக்குப் பழைய கம்பளி சுற்றுங்கள். முள் பொல்லாதது, சின்னப் பிள்ளைகள் ஓடுகிற பக்கம் வைக்காதீர்கள்.