ஆயில் சென்சாரை நானே மாற்றினேன், என்ஜின் போனது. வாரண்டியும் போய்விட்டதா?

கேள்வி: என் காருக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. ஒருநாள் வண்டி ஐடிலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் லைட் விட்டுவிட்டு எரிந்தது. டிப்ஸ்டிக்கில் பார்த்தேன், ஆயில் அளவு சரியாகவே இருந்தது. சென்சார்தான் போயிருக்கும் என்று நினைத்து, ஆயில் பிரஷர் சென்சார் ஒன்று வாங்கி வீட்டிலேயே மாற்றினேன். லைட் அணைந்துவிட்டது. ஏழு வாரம் நிம்மதியாக ஓட்டினேன். பிறகு என்ஜினில் தட்டும் சத்தம் வந்து, ஒரேயடியாக சீஸ் ஆகி நின்றுவிட்டது. "நீங்களே கை வைத்த வண்டி, வாரண்டி கிடையாது" என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். என்ஜினைப் பிரிக்க ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா? கழற்றிய பழைய சென்சார் ஒரு டப்பாவில் கிடக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது கடைசி வரிதான். அந்த டப்பாவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சென்சாரைத் துடைக்க வேண்டாம், மீட்டர் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் "கை வைத்தாலே வாரண்டி போச்சு" என்ற பேச்சு. இது கவுன்ட்டரில் சொல்ல வசதியான வாக்கியம், அவ்வளவுதான். வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, விதிவிலக்குகள் இருக்கும் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பெரும்பாலும் "முறையற்ற பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது" என்ற வகையில்தான் எழுதியிருப்பார்கள். இதில் 'ஆல்' என்ற வேற்றுமை உருபு உங்கள் பக்கம் நிற்கிறது. உங்கள் வேலையால்தான் என்ஜின் போனது என்று அவர்கள் காட்ட வேண்டும். நீங்கள் வேலை செய்தீர்கள், அப்புறம் என்ஜின் போனது என்பது மட்டும் போதாது. அமெரிக்காவில் 1975இல் வந்த மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் பிராண்டு பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைப்பதையே பொதுவாகத் தடுக்கிறது. இந்தியாவில் அப்படித் தனியாக ஒரு சட்டம் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்றும், பொருளில் குறைபாடு என்றும்தான் வாதாட வேண்டும். அதற்கு இடம் இருக்கிறது.

சரி, இனி கசப்பான பக்கம். எதிர்த்தரப்பு வக்கீலாக நான் இருந்தால், சென்சாரை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கவே மாட்டேன். "சிவப்பு லைட் எரிந்தது. கேஜ் வைத்து ஆயில் பிரஷரை அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்பேன். டிப்ஸ்டிக் காட்டுவது அளவை, அழுத்தத்தை அல்ல. என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் நிறைய இருந்தும் பம்ப் தேய்ந்திருந்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. சென்சார் இருந்த துளையிலேயே ஒரு மெக்கானிக்கல் கேஜைத் திருகிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். நீங்கள் அதைச் செய்யவில்லை. இந்த வழக்கில் உங்கள் பலவீனம் ஸ்பேனர் பிடித்ததில் இல்லை, அளக்காமல் ஏழு வாரம் ஓட்டியதில் இருக்கிறது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். சோதித்துப் பார்த்ததில் அந்தப் பழைய சென்சார் கெட்டிருந்தது என்று தெரிந்தால், லைட் காட்டியது பொய். நீங்கள் மாற்றியது சரியான வேலை. ஏழு வாரம் கழித்து என்ஜின் போனதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அது நல்ல நிலையில் இருந்தால்? உடனே பயப்பட வேண்டாம். அப்படியானால் நீங்கள் தொடுவதற்கு முன்பே பிரஷர் குறைந்திருந்தது என்று அர்த்தம். அதாவது மூலப் பழுது வாரண்டிக் காலத்தில், உங்கள் கை படாமலேயே வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஓட்டிச் சேதத்தைப் பெரிதாக்கியது நீங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான் முதல் சாட்சி. நீங்களே சோதித்தால், சாட்சியைக் கலைத்துவிட்டீர்கள் என்பார்கள்.

புதிய சென்சாரும் சாட்சிதான். யாரும் கழற்றுவதற்கு முன், அது என்ஜினில் இருக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். அடியில் ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா? அளவுக்கு மீறி முறுக்கியதில் விரிசல் விட்டிருக்கிறதா? மரையில் டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? இதை எனக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒற்றைக் கம்பி வகை சென்சாருக்கு அதன் மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும். டேப்பை மொத்தமாகச் சுற்றினால் எர்த் அறுந்து, பிரஷர் பூஜ்யமானாலும் பல வண்டிகளில் லைட் எரியாது. மாற்றிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பியபோது லைட் வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்போது வரவே இல்லை என்றால், நீங்கள் லைட்டைக் குணப்படுத்தவில்லை, குருடாக்கிவிட்டீர்கள். அதேபோல், மரை ஒன்றாக இருந்தும் எந்த அழுத்தத்தில் லைட் எரிய வேண்டும் என்ற அளவு மாறுபடும் சென்சார்கள் உண்டு. உங்கள் வண்டிக்கு உரியது என்று சொல்லித் தவறான பாகத்தைக் கொடுத்திருந்தால், விற்றவரையும் தயாரித்தவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். பில்லும் பாக எண் அச்சிட்ட அட்டைப் பெட்டியும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். முதலில் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக மூன்று விஷயம் கேளுங்கள்: வாரண்டியை மறுப்பது எந்த நிபந்தனையின் கீழ், என்ன பரிசோதனையின் அடிப்படையில், ஸ்கேனரில் என்ன பிழைக் குறியீடுகள் (எரர் கோட்) பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது முக்கியம். பி0522 இருந்தால் சென்சார் சர்க்யூட்டில் சிக்கல் என்று பொருள். பி0524 இருந்தால் அழுத்தமே குறைந்ததாக வண்டி பதிந்து வைத்திருக்கிறது. எல்லா வண்டியும் இவற்றைச் சேமிப்பதில்லை, ஆனாலும் கேளுங்கள். யாராவது அழித்துவிடும் முன் கேளுங்கள். ஜாப் கார்டில் 'வாடிக்கையாளர் தவறு' என்ற வகையில் ஏதாவது எழுதியிருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "ஏற்கவில்லை" என்று கைப்பட எழுதுங்கள். என்ஜினைப் பிரிக்கும்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒரு மெக்கானிக்கோ இருக்க வேண்டும், வீடியோ எடுக்க அனுமதி வேண்டும், பழைய பாகங்களைத் தூக்கிப் போடக் கூடாது. இதற்கு ஒப்புக்கொண்டால் பிரிக்கச் சம்மதியுங்கள். வடிக்கும் ஆயிலின் அளவைக் குறித்துக்கொண்டு, சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சோதித்தால்தான் தெரியும் என்ற குறைபாடாக இருந்தால், மாதிரியை முத்திரையிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்குச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. டப்பாவைத் தொடாதீர்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

சென்சாரை நீங்கள் மாற்றியதை எந்தக் கட்டத்திலும் மறைக்காதீர்கள். புது ஸ்பேனர் தடம் யார் கண்ணுக்கும் தெரியும். ஒரு பொய் மாட்டினால் மற்ற உண்மைகளும் எடுபடாது.

பழைய சென்சார் கெட்டிருந்து, ஒழுகலும் இல்லை என்றால், முழு என்ஜினையும் கேட்டு நான் வழக்கு நடத்துவேன். அது நன்றாக இருந்தது என்று தெரிந்தால் செலவில் பாதியைக் கம்பெனி ஏற்கும்படி பேச முயல்வேன். அந்த நிலையில் பாதிக்கு மேல் கிடைக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை.