விவாதமா, கூடி உட்கார்ந்து பேசுவதா: பிரச்சினை தீர எது நல்லது?

நீங்க காலேஜ்ல பேச்சுப்போட்டி மேடை ஏறினவர்னு நினைக்கிறேன். நானும் அந்த ஜாதிதான். கப்பு வாங்கின திமிரோட தெருவுல பேசி அசிங்கப்பட்ட கதையைச் சொல்றேன்.

2012 கடைசி. சேலம் அம்மாப்பேட்டையில எங்க வீட்டுச் சுவரை ஒட்டி விசைத்தறிப் பட்டறை, ஆறு தறி. அப்போ கரண்ட் ஒரு நாளைக்கு 14 மணி நேரம்கூட இருக்காது. வர்ற நேரத்துலதான் தறி ஓட்டணும், நடுராத்திரியா இருந்தாலும். எங்க வீட்ல தங்கச்சி ப்ளஸ் டூ. (சென்னைக்கு மட்டும் ரெண்டு மணி நேரம்தான் கரண்ட் கட். இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. அங்க இருக்கறவங்க மட்டும்தான் மனுசங்களா?)

கோயில் வாசல்ல தெருக்காரங்க கூடினாங்க. நான் எழுந்து, ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல் தாண்டக்கூடாதுன்னு அடுக்கினேன். பட்டறைக்கார மாமா கூலி, கடன்னு ஏதோ ஆரம்பிச்சார். "சட்டத்துக்குப் பதில் சொல்லுங்க மாமா"ன்னு மடக்கினேன். நாலு பேர் கை தட்டினாங்க. "படிச்ச புள்ள சொன்னா சரிதான் கண்ணு"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டார். அதுவரைக்கும் பன்னெண்டு மணியோட நிறுத்துவார். அன்னைக்கு ராத்திரி கரண்ட் வந்த போதெல்லாம் ஆறு தறியும் ஓடுச்சு.

நாலு நாள் கழிச்சு அம்மா என்னை வீட்லயே விட்டுட்டு, தூக்குல டீ எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போனாங்க. யார் பண்றது தப்புங்கற பேச்சே இல்லியாம். பொண்ணு எந்த ரூம்ல படிக்குது, தறியில ஏத்தியிருக்கற பாவு நூல் என்னைக்கு முடியும், இதுதான். அங்க தார் சுத்தற, அதாவது தறிக்கு ஊடை நூல் சுத்தித் தர்ற அக்கா, "ஆறும் இல்லீங்க, சுவரோரத்து ரெண்டு தறிதான் உங்க வீட்ல இடிக்கும். பத்து மணிக்கு மேல அதை மட்டும் நிறுத்திக்கலாமே"ன்னு சொன்னாங்களாம். அவ்வளவுதான், முடிஞ்சது.

அந்த அக்கா கோயில் வாசல்லயும் ஓரமா நின்னுட்டுத்தான் இருந்தாங்க. நான்தான் தெருவை ரெண்டு அணியாப் பிரிச்சு வச்சிருந்தேனே, அவங்க எந்த அணியில நின்னு இதைச் சொல்வாங்க?

உடனே "அப்போ கோர்ட்டும் சட்டசபையும் எதுக்கு"ன்னு கமெண்ட்ல வராதீங்க. ஏமாத்தறவன் எதிர்ல இருந்தா ஆதாரத்தோட வாதாடித்தான் ஆகணும், அங்க டீ வேலைக்கு ஆகாது. வேலைக்கு ஆள் எடுக்கறப்போ வைக்கிற குரூப் டிஸ்கஷனையும் நான் சொல்லல. அது மீன் மார்க்கெட்.

ஒருநாள் பத்தரை ஆகியும் சுவரோரத் தறி நிக்கல. நான் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். அம்மா உட்காருடான்னு சொல்லிட்டு, கரண்டிக் காம்பால சுவத்துல ரெண்டு தட்டு தட்டினாங்க. நின்னுடுச்சு.