லைனை இப்போதே இழுத்துவிடுங்கள், ஓவனை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: மதுரையில் சொந்த வீடு, 1999-இல் கட்டியது. சமையலறையை மாடுலர் கிச்சனாக மாற்றிக்கொண்டிருக்கிறோம், பழைய டைல்ஸ் எல்லாம் உடைத்தாகிவிட்டது. கப்போர்டுக்குள் பொருத்தும் 3,200 வாட் எலக்ட்ரிக் ஓவன் ஒன்றை 48,000 ரூபாய்க்கு, 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் பார்த்து வைத்திருக்கிறேன். இருக்கிற பவர் பிளக்கிலேயே மாட்டிவிடலாம் என்கிறார் கிச்சன் போடுபவர். எலக்ட்ரீஷியனோ தனி லைன் இழுக்க வேண்டும், 15,000 ஆகும் என்கிறார். கையிருப்பு 35,000 ரூபாய்தான். ஆர்டி ஒன்று எட்டு மாதத்தில் முதிர்ந்து 60,000 வரும். அதை உடைக்கலாமா? கேக், பிஸ்கட் என்று மாதம் நாலைந்து முறை செய்வேன், விற்பனைக்கு இல்லை.

பதில்: ஆர்டியை உடைக்காதீர்கள், இஎம்ஐயும் வேண்டாம். ஆனால் எலக்ட்ரீஷியன் கேட்கும் 15,000 ரூபாயைக் கையிருப்பிலிருந்து இந்த வாரமே எடுத்துக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதே வேலையைச் செய்தால் லைனுக்கு ஒரு செலவு, உடைப்பதற்கு ஒரு செலவு, திரும்ப ஒட்டுவதற்கு ஒரு செலவு என்று மூன்றாகிவிடும், அதுவும் அதே டிசைன் டைல்ஸ் கடையில் கிடைத்தால்தான்.

கிச்சன்காரர் சொல்வதை ஏன் ஏற்கக்கூடாது என்று பாருங்கள். 3,200 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர். பிளக்கில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே, போதாதா என்று தோன்றும். அது பிளக்கின் அளவு. சுவருக்குள் போகிற ஒயரின் அளவு வேறு கதை. உங்கள் வீட்டு வயதில் உள்ள பல வீடுகளில் அந்தப் பிளக்கிலிருந்தே ஃபிரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் லைன் பிரித்திருப்பார்கள், நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் வேறு இருக்கும். மிக்ஸி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். ஓவன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் இழுக்கும். அந்த ஜாயின்ட்தான் முதலில் சூடாகி உருகும், நீங்கள் கப்போர்டு அடித்து மூடிய பிறகு அது கண்ணுக்கும் தெரியாது. இந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

அந்த 15,000 நியாயமா என்றால், என்னென்ன சேர்த்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. எழுதி வாங்குங்கள். டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) ஓவன் இடம் வரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், கூடவே எர்த் ஒயர், இந்த லைனுக்கென்று தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), காடி வெட்டி பைப் பதித்துப் பூசுவது, கூலி, இவ்வளவும் அடக்கம் என்றால் அந்தத் தொகையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆர்சிசிபி இல்லாமல் 15,000 என்றால் பேரம் பேசுங்கள், இன்னொருவரிடமும் விலை கேளுங்கள். ஒயரை நீங்களே ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து பில்லோடு வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய எர்த் குழி காய்ந்து செத்துப்போயிருந்தால் அதற்குத் தனியாகச் சில ஆயிரங்கள் ஆகும், அதையும் இப்போதே செய்துவிட வேண்டும். அப்புறம், பிளக் பாயிண்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்க விடாதீர்கள். பக்கத்துக் கப்போர்டில், கை எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும். ஏதாவது ஆனால் ஓவனை வெளியே இழுத்துத்தான் அணைக்க முடியும் என்ற நிலை வரக்கூடாது.

இபியில் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி, கீசர், ஓவன் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் வீடு என்றால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு 15,000-க்கு வெளியே.

மாதாமாதம் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு அணைப்பதால் ஒரு மணி நேரத்துக்கு 3.2 யூனிட் முழுசாக ஓடாது, ஒன்றரை முதல் இரண்டு என்று வையுங்கள். உங்கள் பழக்கத்துக்கு இரண்டு மாதத்தில் 20 யூனிட் போல வரும். சின்னத் தொகைதான், ஆனால் இரண்டு மாத பில்லில் நீங்கள் 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கதை மாறும். 2022 செப்டம்பர் கட்டண விகிதப்படியே கணக்குப் போடுகிறேன், அதன் பிறகு யூனிட் விலை ஏறியிருக்கிறது. 490 யூனிட்டுக்கு 1,665 ரூபாய் வரும். 510 யூனிட் ஆனால் 2,030. இருபது யூனிட்டுக்கு 365 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை போய்விடுவதால் வரும் வித்தியாசம் இது. உங்கள் கடைசி ஆறு பில்லையும் எடுத்து ஒரு பார்வை பாருங்கள்.

இப்போது இஎம்ஐ. மாதம் 4,000 ரூபாய், 12 மாதம். அதே கடையில் மொத்தப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று கேளுங்கள், 48,000-க்குக் கீழே இறங்கினால் அந்த வித்தியாசம்தான் உங்கள் வட்டி. இதற்கு மேல் பிராசசிங் கட்டணம், கார்டு இஎம்ஐ என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. லைன் வேலை முடிந்ததும் உங்கள் கையில் நிற்கப்போவது 20,000. ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதுவே பத்தாது, அதன் தலையில் 4,000 தவணையை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆர்டியை உடைத்தால், அது ஓடிய காலத்துக்கான வட்டியைத்தான் தருவார்கள், பெரும்பாலான வங்கிகளில் அதிலும் அபராதம் பிடிப்பார்கள். எட்டு மாதம்தானே, விட்டுவிடுங்கள்.

கப்போர்டில் ஓவனுக்கான இடத்தை அதன் அளவுக்கு விட்டு, இப்போதைக்குப் பலகை வைத்து ஷெல்ஃபாகப் பயன்படுத்துங்கள். அதுவரை கேக் நின்றுபோக வேண்டாம் என்றால் 1,500 வாட் ஓடிஜி (மேடையில் வைக்கும் சின்ன ஓவன்) ஒன்று, புது லைனிலேயே மாட்டிக்கொள்ளலாம், விலை அந்த ஓவனில் கால் பங்குகூட வராது. மாதம் நாலைந்து கேக்குக்கு அது தாராளமாகப் போதும் என்பதே என் எண்ணம். ஆர்டி முதிரும் வரை அதில் செய்து பாருங்கள், அதற்குப் பிறகும் பெரிய ஓவன் வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பணத்தில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.